ஆர்.என். வைத்திருப்பவர்களுக்கு: பி.எஸ்.என். பட்டத்தின் பொதுப்பாடங்களை முடிக்கும் வழி

அமெரிக்காவில் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸோடு வேலை பார்த்துக்கொண்டே பி.எஸ்.என். (நர்சிங் இளநிலைப் பட்டம்) படிக்கச் சேருகிறவர்கள் நர்சிங் பாடங்களில் அதிகம் தடுமாறுவதில்லை. அவர்களுடைய பட்டத்தைத் தள்ளிப்போடுவது புள்ளியியல், ஆங்கிலக் கட்டுரை, அமெரிக்க வரலாறு, நுண்கலை போன்ற ‘ஜென்-எட்’ எனப்படும் பொதுப்பாடங்கள்தான். நர்சிங் பகுதி முழுவதையும் ஏ கிரேடில் முடித்துவிட்டு, மூன்று கிரெடிட் (பாட அளவைக் கணக்கிடும் அலகு) அரசியல் பாடம் ஒன்று பாக்கி என்று கடைசி செமஸ்டரில் தெரிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒழுங்காகத் திட்டமிட்டால் இது நடக்காது. திட்டத்தின் உயிர்நாடி ஒன்றுதான்: எந்தப் பாடம் பாக்கி என்பதை, பட்டம் தரப்போகும் கல்லூரி எழுத்தில் தரும்வரை ஒரு பாடத்துக்கும் பணம் கட்டாதீர்கள்.

முதலில் கணக்கு

செமஸ்டர் முறையில் இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட். அசோசியேட் எனப்படும் இரண்டாண்டுப் பட்டத்தோடு ஆர்.என். ஆனவரிடம் ஏறக்குறைய 60 முதல் 70 வரை இருக்கும். பி.எஸ்.என். திட்டத்தின் மேல்நிலை நர்சிங் பாடங்கள் சுமார் 30. மிஞ்சும் 20, 30 கிரெடிட்தான் பொதுப்பாடமும் விருப்பப்பாடமும். லைசென்ஸை மட்டும் பார்த்து மொத்தமாக ஒரு தொகுதி கிரெடிட் தரும் கல்லூரிகளும் உண்டு. அந்தத் தொகுதி நர்சிங் கணக்கில்தான் சேரும். பொதுப்பாடத்தை அது அடைக்காது.

குவார்ட்டர் முறைக் கல்லூரியில் படித்திருந்தால் கணக்கு வேறு. அங்கே பட்டத்துக்கு 180 கிரெடிட். ஒரு குவார்ட்டர் கிரெடிட் என்பது மூன்றில் இரண்டு பங்கு செமஸ்டர் கிரெடிட். 5 குவார்ட்டர் கிரெடிட் புள்ளியியல் 3.33 ஆகும், தாராளமாகப் போதும். 4 குவார்ட்டர் கிரெடிட் என்றால் 2.67, மூன்று கேட்கும் கல்லூரியில் 0.33 குறைவு. இந்தச் சின்னக் குறைவைச் சில கல்லூரிகள் கண்டுகொள்வதில்லை. சில கல்லூரிகள் பாடத்தை ஏற்றுக்கொண்டு, குறையும் பின்னத்தை வேறொரு விருப்பப்பாடத்தால் நிரப்பச் சொல்லும். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு அங்கீகாரங்களைப் பார்க்க வேண்டும். கல்லூரிக்கென்று ஓர் அங்கீகாரம், நர்சிங் திட்டத்துக்கென்று இன்னொன்று. இரண்டாவது சி.சி.என்.இ., ஏ.சி.இ.என். அல்லது என்.எல்.என். சி.என்.இ.ஏ. தருவதாக இருக்க வேண்டும். பின்னால் எம்.எஸ்.என். (நர்சிங் முதுநிலை) அல்லது நர்ஸ் பிராக்டிஷனர் படிக்கும் எண்ணம் இருந்தால் இதில் சமரசமே கூடாது. நியூயார்க்கில் 2017 டிசம்பரில் வந்த சட்டப்படி, அதற்குப் பிறகு புதிதாகப் படித்து ஆர்.என். ஆகிறவர்கள் பத்து ஆண்டுக்குள் நர்சிங்கில் இளநிலையோ அதற்கு மேலோ முடித்தாக வேண்டும். ஏற்கனவே லைசென்ஸ் வைத்திருந்தவர்களுக்கு விலக்கு உண்டு. நியூயார்க் லைசென்ஸில் வேலை செய்பவர்கள் தங்கள் கெடு எந்த ஆண்டில் முடிகிறது என்பதைத் தெரிந்துகொண்டு திட்டம் போடுங்கள்.

பழைய படிப்பை மதிப்பிடச் செய்தல்

படித்த ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் சான்று) வரவழையுங்கள். ஒரே ஒரு பாடம் எடுத்த கல்லூரியும், பாதியில் விட்ட கல்லூரியும் இதில் சேர்த்தி. சிலவற்றை மறைத்தால் பின்னால் சேர்க்கையே ரத்தாகலாம். அதைவிட முக்கியம், மறந்துபோன அந்த ஒரு பாடம்தான் சில நேரம் பாக்கியாக நிற்கும் கட்டத்தை நிரப்பும்.

இந்தியாவில் ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமா) முடித்து, ஆர்.என். லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் தேர்வு எழுதி வந்தவர்கள் இங்கே கூடுதல் கவனம் வைக்க வேண்டும். லைசென்ஸுக்காகச் செய்த சான்றிதழ் மதிப்பீடு லைசென்ஸ் வாரியத்துக்குத்தான் போயிருக்கும். கல்லூரி கேட்பது வேறு: பாடம் பாடமாகக் கிரெடிட்டும் கிரேடும் போட்டுத் தரும் மதிப்பீடு. பொதுவாக, மதிப்பீட்டு நிறுவனங்களின் சங்கமான நேஸஸ் அமைப்பில் உறுப்பினரான நிறுவனம் செய்ததாக இருக்க வேண்டும். டபிள்யூ.இ.எஸ்., இ.சி.இ. இரண்டும் அப்படிப்பட்டவை. ஆனால் எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்பார்கள் என்று சேர்க்கை அலுவலகத்தில் கேட்காமல் பணம் கட்டினால், அதே வேலைக்கு இரண்டாவது முறையும் கட்ட வேண்டிவரும். ஆவணத்தைப் பயிற்சிப் பள்ளியும் தேர்வு நடத்திய வாரியமும் நேரடியாக அனுப்ப வேண்டும் என்பதால் மாதக்கணக்கில் ஆகும். முதலில் தொடங்க வேண்டிய வேலை இதுதான்.

ஜி.என்.எம். மதிப்பீட்டில் ஏன் கிரெடிட் குறைகிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. நம் ஊரில் பாடங்கள் மணிக்கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன. அமெரிக்கக் கணக்கில் ஒரு செமஸ்டர் கிரெடிட் என்பது ஏறத்தாழ 15 வகுப்பு மணி. உளவியலுக்கு 40 மணி என்று உங்கள் சான்றில் இருந்தால் 40ஐ 15ஆல் வகுக்க 2.67 வரும். சமூகவியல் 20 மணி என்றால் 1.33தான். படித்தது உண்மை, தேறியதும் உண்மை, ஆனால் மூன்று கிரெடிட் கட்டம் நிறையாது. சமூகவியலைப் பெரும்பாலும் இங்கே மறுபடி எடுத்தாக வேண்டும். உளவியலுக்கு மனு போட்டுப் பார்க்கலாம். உடலமைப்பியல், நுண்ணுயிரியல் போன்றவை நர்சிங் தொகுதியோடு சேர்ந்து ஏற்கப்படுவது வழக்கம். அங்கே படித்த ‘இங்கிலீஷ்’ தாள் இங்கே உள்ள கட்டுரைப் பாடத்துக்கு ஈடாவது அபூர்வம்.

நர்சிங்குக்கு முன்பே பி.எஸ்சி. விலங்கியலோ பி.ஏ.வோ முடித்தவர்கள் அதையும் மதிப்பிடச் செய்யுங்கள். ஏற்கனவே ஓர் இளநிலைப் பட்டம் இருந்தால் பொதுப்பாடங்களை முழுக்கவே தள்ளுபடி செய்யும் கல்லூரிகள் இருக்கின்றன. வெளிநாட்டுப் பட்டத்துக்கு இது பொருந்துமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பொருந்தினால் ஒரு வருஷ வேலை மிச்சம்.

டிகிரி ஆடிட்டைப் படிக்கும் விதம்

விண்ணப்பம் போட்டபின் கல்லூரி தரும் ‘டிகிரி ஆடிட்’ அறிக்கையில் எல்லோரும் மேலே இருக்கும் மொத்தக் கிரெடிட்டைத்தான் பார்க்கிறார்கள். அந்த எண்ணை நம்பாதீர்கள். ஒவ்வொரு வரியும் எந்தக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். உளவியல் பாடம் மாறி வந்திருக்கும். ஆனால் ‘சமூக அறிவியல்’ கட்டத்தில் இல்லாமல் ‘உளவியல் விருப்பப்பாடம்’ என்று ஓரத்தில் நிற்கும். கிரெடிட் ஏறிவிட்டது, தேவை தீரவில்லை. மொத்தம் 118 என்று காட்டும்போதும் ஒன்பது கிரெடிட் பொதுப்பாடம் பாக்கி நிற்பது இப்படித்தான்.

இப்படி ஓரத்தில் நிற்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் மறுமதிப்பீட்டு மனு போடலாம். வெறுமனே ‘நான் படித்துவிட்டேன்’ என்று எழுதினால் திரும்பி வரும். அந்தப் பாடத்தின் சிலபஸ், நடந்த வாரம், மணி, பயன்படுத்திய பாடப்புத்தகத்தின் பெயர் ஆகியவற்றை இணைத்து, பட்டம் தரப்போகும் கல்லூரியின் எந்தப் பாடத்துக்கு இணை என்று பாட எண்ணோடு எழுதுங்கள். முடிவு செய்வது அந்தந்தத் துறை; நர்சிங் அட்வைசரின் கையில் இல்லை. அட்வைசர் போனில் ‘சரியாகிவிடும்’ என்று சொன்னால் அன்றே மின்னஞ்சலில் அதை உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். அட்வைசர்கள் மாறுவார்கள், மின்னஞ்சல் மாறாது.

‘கேட்டலாக் ஆண்டு’ என்று ஒன்று இருக்கிறது. எந்த ஆண்டு விதிகளின்படி சேர்ந்தீர்களோ அதன்படியே பட்டம். இடையில் ஒரு வருஷம் படிக்காமல் விட்டால் பல கல்லூரிகளில் புதிய விதிகளுக்குள் விழுவீர்கள். தீர்ந்துபோன தேவை மறுபடி திறக்கும். பிள்ளைப்பேறு, இடமாற்றம் என்று நிறுத்த வேண்டியிருந்தால், விடுப்புப் படிவம் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள்.

மாநில விதிகள்

இதில்தான் மாநிலம் மாறி வந்தவர்கள் சறுக்குகிறார்கள். டெக்ஸாஸ் அரசுக் கல்லூரிகளின் பொதுப்பாடத் தொகுதி 42 கிரெடிட். அதில் அமெரிக்க வரலாறு 6, அரசியல் 6 என்பது மாநிலச் சட்டம். வரலாறு 1301, 1302. அரசியல் 2305, 2306. இந்த எண்கள் மாநிலம் முழுக்கப் பொது என்பதால் ஹூஸ்டன் கம்யூனிட்டி காலேஜில் எடுத்தது டாலஸில் செல்லும். அரசியல் 2306 டெக்ஸாஸ் அரசமைப்பைப் பற்றியது. நியூ ஜெர்சியில் அமெரிக்க அரசியல் பாடம் படித்துவிட்டு வந்தவருக்கு 2305 தீரலாம், 2306 தீராது. வகுப்புக்குப் போகாமலே எழுதிக் கிரெடிட் பெறும் கிளெப் தேர்வின் அமெரிக்க அரசியல் தாளுக்கும் இதே நிலைதான். தனியார் கல்லூரிகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. வரலாறும் அரசியலும் மொத்தமாகப் பாக்கி இருப்பவர்கள், அங்கே கட்டணம் கூடினாலும் நான்கு பாடம் மிச்சமாகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்களில் ‘அமெரிக்க அமைப்புகள்’ என்ற தேவை தனியாக உண்டு: நாட்டின் வரலாறு, அரசமைப்புச் சட்டம், மாநில அரசு, உள்ளாட்சி எல்லாம் அதில் அடக்கம். அதோடு மேல்நிலைப் பொதுப்பாடம் 9 யூனிட். இதைக் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரியில்) முடிக்க முடியாது. மலிவாக இருக்கிறதே என்று அங்கேயே எல்லாவற்றையும் எடுத்துத் தள்ளியவர்கள் கடைசியில் இந்த 9 யூனிட்டில் வந்து நிற்பார்கள். கலிபோர்னியாவில் எந்தக் கல்லூரிப் பாடம் எங்கே ஈடாகும் என்பதை ‘அசிஸ்ட்’ இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். புளோரிடாவிலும் பாட எண்கள் பொது. புள்ளியியல் என்றால் எஸ்.டி.ஏ. 2023 என்று மாநிலம் முழுக்க ஒரே எண்.

புளோரிடா அரசுப் பல்கலைக்கழகங்கள் அந்நிய மொழித் தேவையும் வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் பள்ளிப்படிப்பு முடித்தவர்கள் இதற்காக ஸ்பானிஷ் வகுப்பில் உட்காரும் முன், பள்ளியில் படித்த தமிழை ஏற்பார்களா என்று கேளுங்கள். மேல்நிலைப்பள்ளி மதிப்பெண் பட்டியலின் மதிப்பீடு சில இடங்களில் போதும். போதாதென்றால், ஆக்ட்ஃபுல் நிறுவனம் நடத்தும் வாய்மொழித் தேர்வு தமிழிலும் உண்டு.

அசோசியேட் பட்டத்தின் வகையையும் பாருங்கள். ஏ.ஏ. (கலை) அல்லது ஏ.எஸ். (அறிவியல்) என்றால், அதே மாநிலத்துக்குள் பொதுப்பாடம் முழுக்கத் தீர்ந்ததாக எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தங்கள் பல மாநிலங்களில் இருக்கின்றன. ஏ.ஏ.எஸ். (பயன்முறை அறிவியல்) என்றால் அந்தச் சலுகை பெரும்பாலும் கிடையாது. பாடம் பாடமாகத்தான் பார்ப்பார்கள்.

எங்கே எடுப்பது

பாக்கிப் பட்டியல் கைக்கு வந்ததும் ஒவ்வொன்றுக்கும் மலிவான, செல்லுபடியாகும் வழியைப் பாருங்கள். கம்யூனிட்டி காலேஜ்தான் பெரும்பாலான பாடங்களுக்குப் பாதுகாப்பான இடம். ஏற்கனவே பி.எஸ்.என். கல்லூரியில் சேர்ந்துவிட்டீர்கள் என்றால், வெளியே பாடம் எடுப்பதற்கு முன்அனுமதிப் படிவம் நிரப்ப வேண்டும். அதில்லாமல் எடுத்த பாடத்தை நிராகரிக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

கிளெப் தேர்வு நல்ல வழி. கட்டணம் நூறு டாலருக்குச் சற்றுக் குறைவு, தேர்வு மையக் கட்டணம் தனி. 20 முதல் 80 வரையான அளவுகோலில் 50 எடுத்தால் பெரும்பாலான தாள்களுக்குக் கிரெடிட் தரலாம் என்பது பரிந்துரை. சில கல்லூரிகள் அதிகம் கேட்கும். தவறினால் மூன்று மாதம் காத்திருந்துதான் மறுபடி எழுத முடியும். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற இலவசத் தளத்தில் பாடத்தை முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கே வவுச்சர் தருகிறார்கள். நர்ஸ்களுக்குச் சுலபமாகக் கை கொடுப்பவை அறிமுக உளவியல், மனித வளர்ச்சியும் மேம்பாடும், அறிமுகச் சமூகவியல். எரிக்சனின் எட்டு நிலைகளும் பியாஜேயும் ஏற்கனவே தலையில் இருப்பதால் மூன்று நான்கு வாரத் தயாரிப்பே போதும். கிளெப்பில் புள்ளியியல் தாள் கிடையாது, அதேபோன்ற டி.எஸ்.எஸ்.டி. தேர்வில் உண்டு.

மாதச் சந்தாவில் சொந்த வேகத்தில் படிக்கும் சோஃபியா, ஸ்ட்ரெய்ட்டர்லைன், ஸ்டடி.காம் போன்றவை தருவது கல்லூரிக் கிரெடிட் அல்ல, ஏ.சி.இ. (அமெரிக்கக் கல்விக் கவுன்சில்) அமைப்பின் கிரெடிட் பரிந்துரை. ஏற்பதும் மறுப்பதும் கல்லூரியின் விருப்பம். ஏற்கும் கல்லூரியாக இருந்தால் மனிதநேயப் பாடங்களை இரண்டு மாதத்தில் முடிக்கலாம். ஆனால் பட்டத்துக்குக் குறைந்தது கால் பங்கு கிரெடிட்டையாவது தங்களிடமே எடுக்க வேண்டும் என்று பெரும்பாலான கல்லூரிகள் விதி வைத்திருக்கின்றன. கம்யூனிட்டி காலேஜிலிருந்து இத்தனைக்கு மேல் வராது என்ற உச்சவரம்பும் பல இடங்களில் உண்டு. மாற்றிவரும் பாடத்தில் சி கிரேடு வேண்டும். சி-மைனஸ் சில இடங்களில் செல்லாது.

ஆங்கிலக் கட்டுரையை முதலில் எடுங்கள்

வரிசையில் முதலாவது ஆங்கிலக் கட்டுரை, இரண்டாவது புள்ளியியல். இரண்டும் இல்லாமல் நர்சிங் ஆராய்ச்சிப் பாடத்துக்குள் போனால் அடி விழும். பல கல்லூரிகள் அனுமதிக்கவே மாட்டா.

சார்ட் (நோயாளியின் பதிவேடு) எழுதிப் பழகிய கைக்குக் கட்டுரை எழுதுவது கஷ்டம் என்பதில் வியப்பில்லை. சார்ட்டில் கருத்து சொல்லக் கூடாது. கட்டுரையில் கருத்து இருந்தே ஆக வேண்டும். ‘இரவு ஷிப்டும் நர்ஸ்களின் உடல்நலமும்’ என்பது தலைப்பு மட்டுமே. ‘தொடர்ச்சியாக மூன்றுக்கு மேல் 12 மணி இரவு ஷிப்ட் போடுவதை மருத்துவமனைகள் நிறுத்த வேண்டும்’ என்பது ஒருவர் மறுத்துப் பேசக்கூடிய நிலைப்பாடு. கட்டுரையின் முதல் பத்தியில் இரண்டாவது வகை வாக்கியம் இருக்கிறதா என்றுதான் ஆசிரியர் தேடுவார்.

அடுத்தது மேற்கோளும் மறுசொல்லாக்கமும். மூலத்தில் இருப்பதை இரண்டு சொல் மாற்றி எழுதிவிட்டு, ஆசிரியர் பெயரையும் போட்டுவிட்டால் போதும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். போதாது, வாக்கிய அமைப்பு அப்படியே இருந்தால் அதுவும் திருட்டாகவே கருதப்படும். டர்னிட்டின் மென்பொருள் காட்டிக்கொடுக்கும். இதற்கு நர்ஸ்களுக்குத் தெரிந்த வழி ஒன்று இருக்கிறது. மூலக் கட்டுரையைப் படித்துவிட்டு மூடுங்கள். ஷிப்ட் மாறும்போது அடுத்தவரிடம் நோயாளியைப் பற்றி ஹேண்டாஃப் சொல்வதுபோல அந்த ஆய்வைப் பற்றி வாயால் சொல்லுங்கள்: யாரை ஆராய்ந்தார்கள், என்ன செய்தார்கள், என்ன கண்டார்கள், அதனால் என்ன. சொன்னதை எழுதுங்கள். பிறகு மூலத்தைத் திறந்து எண்களை மட்டும் சரிபாருங்கள். எழுத்து உங்களுடையதாக இருக்கும்.

முதல் கட்டுரைப் பாடத்தில் எம்.எல்.ஏ. என்ற மேற்கோள் பாணியைக் கேட்கலாம், நர்சிங்கில் ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்புதான். மாணவர் தாளில் ஓடுதலைப்பு (ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் வரும் சுருக்கத் தலைப்பு) தேவையில்லை. நான்கு பக்கமும் ஓர் அங்குல விளிம்பு, முழுக்க இரட்டை இடைவெளி. மேற்கோள் பட்டியலில் ஒவ்வொரு பதிவின் முதல் வரி ஓரத்தில் தொடங்க, அடுத்த வரிகள் அரை அங்குலம் உள்ளே தள்ளியிருக்க வேண்டும். மூன்று பேருக்கு மேல் எழுதிய ஆய்வாக இருந்தாலும் சரி, மூன்று பேர் எழுதியதாக இருந்தாலும் சரி, முதல் முறையிலிருந்தே முதல் பெயரோடு ‘மற்றும் பிறர்’ போட வேண்டும். இணையத்தில் தானாக மேற்கோள் செய்து தரும் கருவிகள் பெரிய எழுத்து, சிறிய எழுத்தில் தவறுகின்றன: கட்டுரைத் தலைப்பில் முதல் சொல், துணைத்தலைப்பின் முதல் சொல், சிறப்புப் பெயர்கள் மட்டும்தான் பெரிய எழுத்து. வாரம் இரண்டு மதிப்பெண் இதில்தான் ஒழுகும்.

புள்ளியியல்

பலரும் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். அது தவறு. முதலில், பாக்கிப் பட்டியலில் கேட்டிருப்பது எந்தப் புள்ளியியல் என்று பாருங்கள். கருதுகோள் சோதனை அடங்கிய அறிமுகப் புள்ளியியல் என்றால், ‘அளவுசார் சிந்தனை’ என்ற பாடம் ஈடாகாது. வணிகப் புள்ளியியலை ஏற்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இயற்கணிதத் தகுதித்தேர்வு கேட்டால் வெட்கப்படாமல் ஒரு மாதம் தயாரித்துவிட்டுப் போங்கள். இருபது ஆண்டுக்கு முன் படித்த கணக்கு துருப்பிடித்திருக்கும். மருந்து டோஸ் போட்ட பழக்கத்தால் விகிதக் கணக்கு மட்டும் கூர்மையாக இருக்கும்.

பாடத்தின் முதல் மூன்றிலொரு பங்கு சுலபம். ஆறு நோயாளிகள் ஆஸ்பத்திரியில் இருந்த நாள்கள் 2, 2, 3, 3, 4, 28 என்றால் சராசரி 7, இடைநிலை 3. ஏழு நாள் இருந்தவர் ஒருவர்கூட இல்லை. ஒரே ஒருவர் சராசரியை இழுத்துப் போய்விட்டார். நம் வார்டுக் கணக்கு எதற்கும் இடைநிலையையும் கேட்க வேண்டும் என்பது இதிலேயே புரிந்துவிடும். இன்னொன்று, விழும் வீதம்: ஆயிரம் நோயாளி-நாளுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் தங்குவது ஒரு நோயாளி-நாள்) எத்தனை பேர் கீழே விழுந்தார்கள் என்பது. மாதம் 810 நோயாளி-நாள், மூன்று பேர் விழுந்தார்கள்: 3ஐ 810ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 3.7. அடுத்த மாதம் 900 நோயாளி-நாளில் ஐவர்: 5.6. மேனேஜர் பதறுவார். இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் இது தற்செயலாகவும் இருக்கலாமே என்று கேட்கக் கற்றுத்தருவது பாடத்தின் இரண்டாம் பாதி.

அந்த இரண்டாம் பாதியின் வாசலில், மாதிரிச் சராசரிகளின் பரவல் என்ற அத்தியாயத்தில்தான் பலர் பாடத்தைக் கைவிடுகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டை நிதானமாகப் போட்டுப் பாருங்கள். 36 நோயாளிகள், மேல் ரத்த அழுத்தத்தின் சராசரி 138, திட்ட விலக்கம் 18. திட்டப் பிழை காண 18ஐ 36இன் வர்க்கமூலமான 6ஆல் வகுக்கவும்: 3. 95 சதவீத நம்பிக்கை இடைவெளிக்கு 35 கட்டின்மைப் பாகைக்கான (degrees of freedom) டி மதிப்பு 2.03, அதை மூன்றால் பெருக்க 6.09. ஆக, சுமார் 131.9 முதல் 144.1 வரை.

கணக்கு இவ்வளவுதான். அர்த்தம் சொல்வதில்தான் மதிப்பெண் போகிறது. ‘95 சதவீத நோயாளிகளின் அழுத்தம் இந்த இடைவெளிக்குள் இருக்கும்’ என்று எழுதினால் தவறு. தனி நோயாளிகளின் பரவலைச் சொல்வது 18; 3 சொல்வது சராசரியின் ஆட்டத்தை. இதே முறையில் மறுபடி மறுபடி மாதிரி எடுத்து இடைவெளி போட்டால், நூற்றில் சுமார் 95 இடைவெளிகள் உண்மையான சராசரியைத் தமக்குள் பிடித்திருக்கும் என்பதே சரி. பி-மதிப்பிலும் இதே வகைக் குழப்பம். பி 0.03 என்றால் மருந்து வேலை செய்ய 97 சதவீத வாய்ப்பு என்று பொருளில்லை. வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால்கூட, இந்த அளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாகத் தெரிய நூற்றில் மூன்று வாய்ப்பு. இந்த இரண்டு விளக்கங்களையும் சொந்த வாக்கியத்தில் எழுதப் பழகியவர்கள் தேறிவிடுகிறார்கள்.

கால்குலேட்டரா, எக்ஸலா, ஸ்டாட்கிரஞ்சா என்று முதல் வாரமே கேளுங்கள். கண்காணிப்புத் தேர்வில் எது அனுமதி என்பதும் சிலபஸில் இருக்கும். வீட்டில் எக்ஸலில் பழகிவிட்டுத் தேர்வில் டி.ஐ.-84 கால்குலேட்டர் முன்னால் உட்காருவது வீண் துன்பம்.

மற்றவை

ஆய்வகத்தோடு கூடிய அறிவியல் பாடங்கள் பாக்கி இருந்தால், ஆன்லைன் ஆய்வகத்தை ஏற்பார்களா என்று கேட்காமல் சேராதீர்கள். பழைய அறிவியல் கிரெடிட்டுக்கு ஐந்து, ஏழு, பத்து ஆண்டு என்று காலாவதி வைத்திருக்கும் கல்லூரிகள் உண்டு. வேலையில் இருக்கும் ஆர்.என்.களுக்கு அதை விலக்குவதும் உண்டு, கேட்டால்தான். ஆங்கிலம், உளவியல் போன்றவை பொதுவாகக் காலாவதியாவதில்லை. மனிதநேயப் பிரிவில் நெறியியல் எடுங்கள். நர்சிங் பாடங்களில் அது மறுபடி மறுபடி உதவும். ‘பண்பாட்டுப் பன்மை’ என்று தனித் தேவை இருந்தால், ஒரே பாடம் இரண்டு கட்டத்தையும் நிரப்புமா என்று பாருங்கள். மூன்று கிரெடிட் மிச்சமாகும். பேச்சுக்கலைப் பாடத்தை ஆன்லைனில் எடுத்தாலும், முன்னால் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் காணொளி கேட்பார்கள். சில இடங்களில் ஐந்து பெரியவர்களாவது வேண்டும். வீட்டில் ஆள் சேர்க்க முன்கூட்டியே ஏற்பாடு தேவை.

ஷிப்டும் படிப்பும்

ஒரு கிரெடிட்டுக்கு ஏறத்தாழ 45 மணி உழைப்பு என்பது கூட்டாட்சி அரசின் கணக்கு. மூன்று கிரெடிட் பாடம் 135 மணி. 15 வாரத்தில் வாரம் 9 மணி. அதையே 8 வாரப் பாடமாக எடுத்தால் வாரம் 17 மணி. வாரம் மூன்று 12 மணி ஷிப்ட் பார்க்கிறவர் இரண்டு 8 வாரப் பாடங்களை ஒன்றாக எடுத்தால் 34 மணி படிப்பு. தூக்கத்தைத்தான் வெட்ட வேண்டியிருக்கும். புள்ளியியலை நீண்ட செமஸ்டரில், தனியாக எடுங்கள். உளவியல், சமூகவியலை 8 வாரத்தில் முடிக்கலாம். ஷிப்ட் பட்டியல் போடும் முன் சிலபஸைக் கையில் வைத்துக்கொண்டு, கண்காணிப்புத் தேர்வு நாள்களுக்கு முந்தைய இரவை விடுமுறையாகக் கேளுங்கள். இரவு ஷிப்ட் முடித்துவந்து காலை பத்து மணிக்குத் தேர்வு எழுதினால், தெரிந்ததும் மறந்துபோகும்.

பணம்

மருத்துவமனை தரும் படிப்பு உதவித்தொகையில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வருமான வரி இல்லை. பொதுவாக நீங்கள் முதலில் கட்டி, கிரேடு வந்தபின் திரும்பப் பெற வேண்டும். சி போதுமா பி வேண்டுமா, பொதுப்பாடத்துக்கும் உண்டா நர்சிங்குக்கு மட்டுமா, உதவி வாங்கியபின் எத்தனை ஆண்டு வேலையில் இருக்க வேண்டும் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பாடத்தை இடையில் விட்டால், டிரான்ஸ்கிரிப்டில் விழும் டபிள்யூ கிரேடுக்குப் பணம் வராது. காலண்டர் ஆண்டு வரம்பு என்பதால் டிசம்பரிலும் ஜனவரியிலும் பிரித்துக் கோரினால் இரண்டு ஆண்டுப் பணமும் கிடைக்கலாம்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் கூட்டாட்சி உதவிக்கான ஃபாஃப்ஸா விண்ணப்பம் போடலாம்; மாணவர் கடனுக்குக் குறைந்தது அரைநேரம், பொதுவாக 6 கிரெடிட், எடுத்திருக்க வேண்டும். பெல் மானியம் முதல் இளநிலைப் பட்டத்துக்கு மட்டும். இந்தியாவில் பெற்ற பி.எஸ்சி. இருந்தாலும் அந்த மானியம் கிடையாது. வரித் தாக்கலில் வாழ்நாள் கற்றல் வரவு (கட்ட வேண்டிய வரியில் குறையும் தொகை), 10,000 டாலர் செலவு வரை 20 சதவீதம், அதாவது அதிகபட்சம் 2,000 டாலர். வருமான வரம்பு உண்டு. மருத்துவமனை திருப்பிக் கொடுத்த தொகைக்கு இதைக் கோரக் கூடாது.

கடைசிச் செமஸ்டரில்

வெளியே எடுத்த பாடம் முடிந்ததும் கிரேடு தானாகப் போய்ச் சேராது. டிரான்ஸ்கிரிப்ட் கேட்கும் படிவத்தில் ‘கிரேடு வந்தபின் அனுப்பு’ என்ற தேர்வு இருக்கும். அதை டிக் செய்யாவிட்டால் கிரேடு இல்லாத டிரான்ஸ்கிரிப்ட் கிளம்பிவிடும், மறுபடி காசு கட்ட வேண்டும். கிளெப் மதிப்பெண்ணை அனுப்ப வேண்டிய கல்லூரியைத் தேர்வு அன்றே குறித்தால் இலவசம். பட்டத்துக்கான விண்ணப்பம் தனி. அதன் கெடு செமஸ்டரின் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அதைப் போட்ட இரண்டு வாரத்தில் டிகிரி ஆடிட்டை மறுபடி திறந்து, பாக்கி என்று ஒரு வரியாவது நிற்கிறதா என்று மேலிருந்து கீழ்வரை பாருங்கள். நின்றால், பாடம் சேர்ப்பதற்கான கடைசி நாளுக்கு முன்பே பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதுங்கள்.